அணுகலும் வளர்ச்சியும்: வடகேரள மீன்சந்தைகளில் கைப்பேசி ஏற்படுத்திய மாற்றத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

டிஜிட்டல் தொழில்நுட்பத்தை அணுகும் வாய்ப்பு ஒரு வட்டாரத்தின் பொருளாதார வளர்ச்சியை எவ்வழியில் பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 1997 முதல் 2001 வரை கேரளத்தின் வடகடற்கரையில் கைப்பேசிச் சேவை படிப்படியாகப் பரவியபோது மீன்சந்தைகளிலும், பின்னர் படகு கட்டும் தொழிலிலும் ஏற்பட்ட மாற்றங்கள் முதன்மைச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், புதுச்சேரி, அமெரிக்கா, கென்யா ஆகிய இடங்களின் பட்டறிவு அவற்றோடு ஒப்பிடப்படுகிறது. அணுகல் தன்னளவில் வளர்ச்சியாவதில்லை; கிடைத்த தகவலைக் கொண்டு செயல்படும் உரிமையும் வசதியும் உள்ள இடத்தில்தான் அது வருவாயாக மாறுகிறது; அவ்வாறு பெருகும் வருவாய் எல்லா ஊர்களிலும் சமமாகத் தங்குவதுமில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: டிஜிட்டல் அணுகல், வட்டாரப் பொருளாதாரம், கைப்பேசி, மீன்சந்தை, விலை வேறுபாடு, சந்தை ஒருங்கிணைவு, டிஜிட்டல் இடைவெளி.

1. முன்னுரை

ஓர் ஊருக்குச் சாலை வந்தால் அவ்வூரின் விளைபொருள் வெளியே செல்கிறது. வெளியூர்ப் பொருளும் உள்ளே வருகிறது. முதலாவதால் உழவர் பயன்பெறலாம். இரண்டாவதால் உள்ளூர்க் கைவினைஞர் தொழிலை இழக்கலாம். சாலையின் இந்த இருமுகத் தன்மையைப் பொருளாதார வரலாற்றாய்வாளர்கள் நெடுங்காலமாக அறிவர். ஆயின், கைப்பேசிக் கோபுரமும் கண்ணாடி இழை வடமும் ஓர் ஊரை எட்டும்போது, அவை நன்மையை மட்டுமே கொண்டுவரும் என்ற எதிர்பார்ப்பே பொதுவெளியில் மேலோங்கி நிற்கிறது. இணைப்பு கிடைத்தால் வளர்ச்சி தானே தொடரும் என்னும் இவ்வெதிர்பார்ப்பின் மீதே பெரும் பொதுமுதலீடுகளும் திட்டமிடப்படுகின்றன.

இவ்வெதிர்பார்ப்பு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை அறிய, இணைப்பு வந்த பின் குறிப்பிட்ட ஒரு வட்டாரத்தில் யார், எந்த முடிவை, எவ்வாறு மாற்றி எடுத்தனர் என்று நுணுகிப் பார்க்க வேண்டும். அத்தகைய நுண்ணோக்குக்கு வாய்ப்பளிக்கும் அரிய களமாக வடகேரளக் கடற்கரை அமைகிறது. எனவே முதலில் பேரியல் மதிப்பீடுகள் சுருக்கமாகக் கூறப்பட்டு, பின்னர் அக்களம் விரிவாக விளக்கப்படுகிறது. அதன்பின் மாறுபட்ட முடிவுகளைத் தந்த பிற களங்களோடு அது ஒப்பிடப்படுகிறது.

2. பேரியல் மதிப்பீடுகளும் அவற்றின் எல்லையும்

தொலைத்தொடர்புக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள உறவை நாடுகளின் அளவில் மதிப்பிட்ட ஆய்வுகள் பல. 21 வளர்ந்த நாடுகளின் 20 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து ரோலர், வேவர்மன் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் முன்னோடியானது. தொலைத்தொடர்புக் கட்டமைப்பு வளர்ச்சிக்குத் துணைசெய்கிறது என்பதோடு, அதன் பயன் படிப்படியாக ஒரே சீராக வருவதில்லை என்பதையும் அவ்வாய்வு காட்டியது. சேவை ஏறத்தாழ அனைவரையும் எட்டும் நிலையை நெருங்கும்போதுதான் அதன் விளைவு வலுப்பெறுகிறது. ஒருவரிடம் மட்டும் தொலைபேசி இருந்தால் அவர் அழைக்க ஆளில்லை என்ற எளிய உண்மையே இதன் அடிப்படை.

அகன்ற அலைவரிசை இணையம் குறித்து செர்னிச்சும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 2011இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டனர். 1996 முதல் 2007 வரையிலான காலத்தில் 25 வளர்ந்த நாடுகளை ஆராய்ந்த அவர்கள், அகன்ற அலைவரிசைப் பரவல் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் உயரும்போது தனிநபர் வருமானத்தின் ஆண்டு வளர்ச்சி 0.9 முதல் 1.5 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை உயர்வதாகக் கணித்தனர்.

இத்தகைய எண்கள் கொள்கை உரைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. எனினும் அவற்றை ஒரு வட்டாரத்திற்கு அப்படியே பொருத்துவதில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, காரணகாரியத் திசை பற்றியது. செல்வமும் வணிகமும் மிகுந்த இடங்களுக்கே நிறுவனங்கள் முதலில் இணைப்பைக் கொண்டுசெல்கின்றன. ஆகவே இணைப்பும் வளமும் ஓரிடத்தில் சேர்ந்து காணப்படுவதால் இணைப்பே வளத்தைத் தந்தது என்று முடிவுகட்ட இயலாது. இரண்டாவது, சராசரி பற்றியது. ஒரு நாட்டின் சராசரி உயர்ந்திருக்கும்போதே அதன் சில பகுதிகள் தேய்ந்திருக்கக் கூடும். நாடுகளின் அளவிலான மதிப்பீடு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

காலம் பற்றிய சிக்கலும் உண்டு. கணிப்பொறிகள் எங்கும் பரவியும் உற்பத்தித்திறன் புள்ளிவிவரங்களில் அதன் தாக்கம் தென்படவில்லை என்று 1987இல் ராபர்ட் சோலோ சுட்டினார். அதற்கு விடையாகப் பொருளாதார வரலாற்றாய்வாளர் பால் டேவிட் 1990இல் மின்சாரத்தின் வரலாற்றை நினைவூட்டினார். நீராவி எந்திரம் இருந்த இடத்தில் மின்மோட்டாரை வைத்ததால் மட்டும் தொழிற்சாலைகளின் உற்பத்தி பெருகவில்லை. ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார் பொருத்தி, கட்டட அமைப்பையும் வேலை முறையையும் மாற்றி அமைத்த பின்னரே முழுப் பயன் கிட்டியது. அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. கருவியைச் சுற்றியுள்ள ஏற்பாடுகள் மாறாமல் கருவி மட்டும் பயன் தருவதில்லை என்ற இக்கருத்து பின்வரும் களங்களுக்கும் பொருந்தும்.

3. வடகேரளக் கடற்கரை: முதன்மைக் களம்

மேற்கூறிய காரணகாரியச் சிக்கலைப் பெருமளவு தவிர்த்த ஆய்வு, ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்டதாகும். வடகேரளத்தின் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களைச் சேர்ந்த 15 கடற்கரை மீன்சந்தைகளில் 1996 முதல் 2001 வரை வாரந்தோறும் திரட்டப்பட்ட தரவுகள் அதன் அடிப்படை. இக்காலத்தில் கைப்பேசிச் சேவை இப்பகுதிக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1997இல் கோழிக்கோட்டுப் பகுதிக்கும், 1998இல் கண்ணூர்ப் பகுதிக்கும், 2000இல் காசர்கோட்டுப் பகுதிக்கும் என மூன்று கட்டங்களில் வந்தது. ஆகவே ஒரு பகுதியில் சேவை தொடங்கியபோது, அது இன்னும் வராத பகுதியை ஒப்பீட்டுக்குக் கொள்ள முடிந்தது. சேவை வந்த காலத்தை ஒட்டியே ஒவ்வொரு பகுதியிலும் மாற்றம் நிகழ்ந்திருந்தால், அது கைப்பேசியின் விளைவே என்று கூறுவதற்கு வலுவான அடிப்படை கிடைக்கிறது.

3.1 சேவைக்கு முந்தைய நிலை

இக்கரையில் மத்தி மீன் பெருமளவில் பிடிக்கப்படுகிறது. எளிய மக்களின் அன்றாட உணவான இம்மீன் விரைவில் கெட்டுவிடும். கடற்கரைச் சந்தைகள் அதிகாலையில் சில மணி நேரமே நடைபெறும். படகு கரைசேர்ந்ததும் மீன் ஏலம் விடப்பட்டுவிடும். சேமித்துவைக்கப் போதிய வசதி இல்லை. ஒரு கரையில் இறக்கிய மீனைச் சாலை வழியே வேறொரு கரைக்கு உரிய நேரத்தில் கொண்டுசெல்வதும் எளிதன்று. எரிபொருள் செலவும் நேரக்குறைவும் ஒரு படகு ஒரே காலையில் பல கரைகளை நாடுவதைத் தடுத்தன. எனவே மீனவர் பெரும்பாலும் தம் சொந்தக் கரையிலேயே விற்றனர்.

இதன் விளைவு, அருகருகே அமைந்த இரு கரைகளில் முற்றிலும் மாறுபட்ட நிலைமை நிலவியது. 1997 சனவரி 14ஆம் நாள் காலை நிகழ்ந்த ஒன்றை ஜென்சன் தம் கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிடுகிறார். அன்று வடகரைச் சந்தையில் 11 மீனவர்கள் வாங்க ஆளின்றித் தம் மீனைக் கொட்டிவிடும் நிலையில் இருந்தனர். அதே வேளையில், 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்த சோம்பால், கொயிலாண்டி சந்தைகளிலிருந்து 27 வணிகர்கள் வாங்க மீனின்றித் திரும்பவிருந்தனர். மீனும் இருந்தது, தேவையும் இருந்தது. ஒன்றைப் பற்றி மற்றொன்று அறியும் வழி மட்டும் இல்லை. நாள்தோறும் பிடிக்கப்பட்ட மீனில் 5 முதல் 8 விழுக்காடு இவ்வாறு வீணாயிற்று.

3.2 சேவைக்குப் பிந்தைய மாற்றம்

கைப்பேசிக் கோபுரங்கள் கரையோர நகரங்களில் நிறுவப்பட்டதால் அவற்றின் அலைவரிசை கடலுக்குள்ளும் எட்டியது. வலையை இழுத்து முடித்த மீனவர் கரை திரும்புமுன்பே பல சந்தைகளின் வணிகர்களை அழைத்து, எங்கு வரத்துக் குறைவு, எங்கு என்ன விலை என்று கேட்டறிந்தார். அதற்கேற்பப் படகைத் திருப்பினார். இணையம், செயலி முதலிய எதுவும் இதில் இல்லை. வெறும் குரல் அழைப்பே போதுமானதாக இருந்தது.

இதன் பின் ஏற்பட்ட மாற்றங்கள் பின்வருமாறு:

அ) சேவைக்கு முன் 60 முதல் 70 விழுக்காடு வரை இருந்த சந்தைகளுக்கிடையிலான விலையின் மாறுபாட்டுக் கெழு, சேவைக்குப் பின் 15 விழுக்காடு அல்லது அதற்கும் கீழாகக் குறைந்தது.

ஆ) மீன் வீணாவது முற்றிலும் நின்றது.

இ) மீனவரின் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது.

ஈ) நுகர்வோர் செலுத்திய விலை சராசரியாக 4 விழுக்காடு குறைந்தது.

விற்பவர் வருவாய் உயர்வதும் வாங்குபவர் செலவு குறைவதும் ஒருங்கே நிகழ்வது முரணாகத் தோன்றலாம். கொட்டப்பட்ட மீன் விற்பனைக்கு வந்ததே இதற்கு விளக்கம். கடலில் பிடிபட்ட மீனின் அளவு கூடாமலேயே அதன் பயன்மதிப்பு கூடிற்று. ஓரிடத்தில் மிகுந்ததை, மற்றோரிடத்தில் குறைந்ததோடு சேர்த்துவைத்ததே இங்குத் தொழில்நுட்பம் செய்த வேலை. மானியமோ தனித்த அரசுத் திட்டமோ இன்றி, வணிக நோக்கில் தொடங்கப்பட்ட ஒரு சேவையின் வழியாக இப்பயன் விளைந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

எனினும் இதனை வளர்ச்சி என்று கூறுவதில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். மீன் வீணாவதை ஒருமுறைதான் நிறுத்த முடியும். 8 விழுக்காட்டு உயர்வு என்பது வருவாய் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறியதைக் குறிக்கிறது. ஆண்டுதோறும் தொடர்ந்து ஏறிக்கொண்டிருப்பதைக் குறிக்கவில்லை. தொடர்வளர்ச்சி ஏற்பட வேண்டுமாயின் உற்பத்தி முறையே மாற வேண்டும். அத்தகைய மாற்றம் அதே கரையில் வேறொரு தொழிலில் நிகழ்ந்தது.

4. படகு கட்டும் தொழில்: வளர்ச்சியும் இழப்பும்

கேரளத்தின் படகு கட்டும் தொழிலை ஆராய்ந்து ஜென்சன், நோலன் மில்லர் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, முந்தைய ஆய்வின் தொடர்ச்சியாகக் கொள்ளத்தக்கது. கைப்பேசிக்கு முன்னர் மீனவர் தம் கரையிலேயே மீனை விற்றது போல, தம் ஊரில் அல்லது அருகில் இருந்த படகு கட்டுநரிடமே படகு வாங்கினர். பிற ஊர்களில் கட்டப்படும் படகுகள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை அறியும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு. எனவே ஊருக்கு ஊர் சிறு படகுப் பட்டறைகள் இருந்தன. அவற்றுள் திறன்மிக்கதும் வளரவில்லை. திறன் குன்றியதும் மறையவில்லை.

கைப்பேசி வந்தபின் மீனவர் மீன் விற்கப் பல கரைகளுக்குச் சென்றனர். அங்கு வேற்றூர்ப் படகுகளைக் கண்டனர். அவற்றின் உழைப்பைப் பற்றிப் பிற மீனவரிடம் கேட்டறிந்தனர். நாளடைவில், தரமான படகு கட்டுநரை நாடித் தொலைவிலிருந்தும் வரத் தொடங்கினர். தரமான பட்டறைகள் வளர்ந்தன. தரங்குறைந்தவை தொழிலை விட்டு விலகின. வளர்ந்த பட்டறைகளில் வேலை பிரிக்கப்பட்டு, ஒவ்வொருவரும் ஒரு பணியில் தேர்ச்சி பெற்றனர். சராசரி உற்பத்திச் செலவு குறைந்தது. தரத்தைக் கணக்கில் கொண்டு பார்க்கையில் படகின் விலையும் குறைந்தது.

சந்தையின் பரப்பே வேலைப் பகுப்பின் எல்லையை வரையறுக்கிறது என்னும் ஆடம் சிமித்தின் கோட்பாடு இங்குக் கண்கூடாக நிகழ்ந்துள்ளது. தொடர்வளர்ச்சிக்கான வித்து இதில் உள்ளது. ஆனால் இதே நிகழ்வை மூடப்பட்ட பட்டறை இருந்த ஊரிலிருந்து நோக்கினால் கிடைக்கும் காட்சி வேறு. அவ்வூர் மீனவர் நல்ல படகைக் குறைந்த செலவில் பெற்றார். அவ்வூர்ப் படகுத் தச்சரோ தம் வாடிக்கையாளர்களை இழந்தார். மாவட்ட அளவிலான கணக்கில் இது வளர்ச்சி. ஊரளவில் ஒரு தொழிலின் மறைவு. மீன்சந்தையில் ஏறத்தாழ அனைவரும் பயன்பெற, படகுத் தொழிலில் பயன் ஓரிடத்தில் குவிந்தது. கருவி ஒன்றுதான். தொழிலின் இயல்பே விளைவை வேறுபடுத்தியது. மத்தியின் தரத்தில் கரைக்குக் கரை பெரிய வேறுபாடில்லை. படகின் தரத்தில் கட்டுநருக்குக் கட்டுநர் பெரும் வேறுபாடு உண்டு. தரவேறுபாடு மிகுந்த தொழில்களில் தகவல் பரவும்போது குவிதலும் உடன் நிகழும் என்று இதிலிருந்து பொதுமைப்படுத்தலாம்.

5. தகவலும் செயலுரிமையும்: மாறுபட்ட களங்கள்

வடகேரளத்தில் கிட்டிய பயன் எல்லா இடங்களிலும் கிட்டவில்லை. இவ்வேறுபாட்டை அறிய இந்தியாவின் மூன்று களங்கள் துணைபுரிகின்றன.

முதலாவது, மத்தியப் பிரதேசத்தின் சோயா சந்தை. 2000ஆம் ஆண்டு ஐ.டி.சி. நிறுவனம் இ-சௌபால் என்ற பெயரில் சிற்றூர்களில் இணைய நிலையங்களைத் தொடங்கியது. உழவர் அங்குச் சோயாவின் விலையை அறிந்துகொள்ளலாம். விரும்பினால் அரசு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குச் செல்லாமல் அந்நிறுவனத்தின் கொள்முதல் மையத்திலேயே விற்கலாம். அபராஜிதா கோயல் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்நிலையங்கள் வந்த பகுதிகளின் விற்பனைக் கூடங்களில் சோயா விலை 1 முதல் 3 விழுக்காடு வரை உயர்ந்தது. நிறுவனத்துக்கு விற்காத உழவரும் இவ்வுயர்வால் பயன்பெற்றனர். உழவருக்கு வேறு வழி உண்டு என்பதை அறிந்த வணிகர் கூடுதல் விலை தர நேர்ந்ததே இதன் காரணம்.

இரண்டாவது, மகாராஷ்டிரம். அங்கு ராய்ட்டர்ஸ் மார்க்கெட் லைட் என்னும் சேவை விளைபொருள் விலை, வானிலை, பயிர் ஆலோசனை ஆகியவற்றைக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. 100 சிற்றூர்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, சிலவற்றின் உழவர்களுக்கு இச்சேவையை ஓராண்டு கட்டணமின்றி வழங்கி ஆராய்ந்த ஃபாஃப்சாம்ப்ஸ், மின்டன் ஆகியோர் 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். உழவர் பெற்ற விலையில் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க உயர்வு எதுவும் காணப்படவில்லை.

இவ்விரு களங்களிலும் உழவருக்கு விலைத்தகவல் கிடைத்தது. மத்தியப் பிரதேசத்தில் தகவலோடு புதிய கொள்முதல் வழியும் சேர்ந்து வந்தது. மகாராஷ்டிரத்தில் தகவல் மட்டும் வந்தது. இதுவே முடிவுகளின் வேறுபாட்டை விளக்கும் முதன்மைக் காரணமாகக் கருத இடமுண்டு. விலை குறைவு என்று அறிந்த உழவர் அடுத்துச் செய்யக்கூடியது எதுவும் இல்லையெனில், அறிவது அவரது பேரவலிமையைக் கூட்டுவதில்லை.

இந்நோக்கில் வடகேரளத்தை மீண்டும் காணும்போது, அங்குத் தகவலுக்கு வெளியே அமைந்திருந்த வாய்ப்புகள் தெளிவாகின்றன. மீனவரிடம் எந்திரப் படகு இருந்தது. கரைகள் அடுத்தடுத்து இருந்தன. கரைதோறும் வெளிப்படையான ஏலம் நடந்தது. வேற்றூர்க் கரையில் மீன் இறக்க இயன்றது. இந்நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் கைப்பேசி அழைப்பு பயனற்றுப் போயிருக்கக் கூடும். முன்பணம் கொடுத்த தரகரிடமே பிடித்த மீனை ஒப்படைக்க வேண்டிய கடன்கட்டுப்பாடு உள்ள மீனவருக்கு, அடுத்த கரையின் விலை தெரிந்தும் பயனில்லை. கேரள மீனவரிடையே பின்னர்க் களஆய்வு செய்த ஜானகி ஸ்ரீனிவாசன், ஜென்னா பரெல் ஆகியோர் 2013இல், விலைத்தகவலை மட்டும் தனித்து நோக்காமல் மீன்பிடி முறை, சந்தை அமைப்பு, வணிக உறவுகள் ஆகியவற்றோடு சேர்த்தே கைப்பேசியின் பயனை மதிப்பிட வேண்டும் என வலியுறுத்தியதும் இக்கருத்தோடு ஒத்துச்செல்கிறது.

மூன்றாவது, புதுச்சேரி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. சிற்றூர்களில் அமைந்த அறிவு மையங்களைப் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களே தன்னார்வலர்களாக நடத்தினர். ஊர்மக்களின் தேவையைக் கேட்டறிந்து, தகவல்கள் தமிழில் தொகுக்கப்பட்டன. வீராம்பட்டினம் மீனவர்களுக்காக, அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயரம் பற்றிய முன்கணிப்பு பெறப்பட்டு ஒலிபெருக்கி வழியே அறிவிக்கப்பட்டது.

இங்கு ஒவ்வொரு மீனவர் கையிலும் கருவி இல்லை, எழுத்தறிவும் தேவைப்படவில்லை. ஆயினும் தகவல் அனைவரையும் எட்டியது. கடலுக்குச் செல்வதா வேண்டாமா என்னும் முடிவு மீனவரின் கையிலேயே இருந்ததால், கேட்டவுடன் செயற்படவும் முடிந்தது. கருவி உடைமை வேறு, அணுகல் வேறு என்பதற்கு இது தக்க சான்று. விலைத்தகவலைப் போல வணிகரின் இசைவை எதிர்பாராததும், உயிர்ப் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடையதுமான தகவல் இது. இத்தகைய பயன் வருமானக் கணக்கில் எளிதில் இடம்பெறுவதில்லை. எனினும் கடற்கரை வட்டாரத்தின் வாழ்வுக்கு அது அடிப்படையானது.

6. வட்டாரங்களுக்கிடையிலான பங்கீடு

தொழில்நுட்பத்தால் தொலைவு பொருளற்றுப்போகும், பின்தங்கிய பகுதிகள் முன்னேறிய பகுதிகளை எட்டிப்பிடிக்கும் என்ற கருத்து 1990களில் பரவலாக இருந்தது. அமெரிக்காவின் பட்டறிவு இதற்கு மாறான சான்றைத் தருகிறது. 1995 முதல் 2000 வரை நிறுவனங்கள் மேம்பட்ட இணையப் பயன்பாட்டில் செய்த முதலீட்டுக்கும் உள்ளூர் ஊதியத்துக்கும் உள்ள தொடர்பை ஃபோர்மன், கோல்ட்ஃபார்ப், கிரீன்ஸ்டீன் ஆகியோர் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். இணைய முதலீடு நாடெங்கும் பரவியிருந்தபோதும், ஊதிய வளர்ச்சியோடு அதற்கு வலுவான தொடர்பு காணப்பட்டது ஏறத்தாழ 6 விழுக்காட்டு மாவட்டங்களில் மட்டுமே. மக்கள்தொகை, வருமானம், கல்வித்தகுதி, தகவல் தொழில்நுட்பச் செறிவு ஆகியவற்றில் முன்னரே உயர்ந்திருந்த மாவட்டங்கள் அவை. இணையம் அங்கு வட்டார இடைவெளியைக் குறைப்பதற்கு மாறாக விரித்தது.

கென்யாவின் எம்-பெசா இதற்கு வேறான போக்கைக் காட்டுகிறது. 2007 மார்ச்சில் தொடங்கப்பட்ட இச்சேவை, வங்கிக் கணக்கு இல்லாதவரும் எளிய கைப்பேசியின் வழியே பணம் அனுப்ப வழிசெய்தது. தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகியோர் 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இச்சேவையால் கென்யக் குடும்பங்களில் ஏறத்தாழ 2 விழுக்காடு வறுமையிலிருந்து மீண்டன. ஏறத்தாழ 1,85,000 பெண்கள் வேளாண்மையை முதன்மைத் தொழிலாகக் கொண்டிருந்த நிலையிலிருந்து சிறுவணிகத்துக்கு மாறினர்.

இவ்விரண்டையும் ஒப்பிடுகையில், தொழில்நுட்பம் எந்தத் திறனை வேண்டி நின்றது என்பதே விளைவின் திசையை உறுதிசெய்வதாகத் தெரிகிறது. அமெரிக்க நிறுவனங்களின் மேம்பட்ட இணையப் பயன்பாட்டுக்குப் பயிற்சிபெற்ற பொறியாளர்களும் ஆலோசனை நிறுவனங்களும் தேவைப்பட்டனர். அவர்கள் பெருநகரங்களில் இருந்தனர். எம்-பெசாவுக்கோ ஊர்தோறும் பணத்தை வாங்கவும் கொடுக்கவும் ஒரு முகவர் போதும். சிறு கடைக்காரரே அப்பணியைச் செய்தார். துணைத்திறன் ஏற்கெனவே ஊரில் இருந்தாலோ, எளிதில் அங்கு உருவாக்க முடிந்தாலோ பயன் ஊரில் தங்குகிறது. அது நகரத்தில் மட்டுமே கிடைப்பதாயின் பயனும் நகரத்தை நாடுகிறது.

7. அணுகலை அளக்கும் முறை

மேற்கண்ட சான்றுகள் அணுகல் என்ற சொல்லின் பொருளையே மீளாய்வு செய்யத் தூண்டுகின்றன. இந்தியாவில் அனைத்து ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் திட்டம் 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகள் அதன் இலக்கு. இத்தகைய திட்டங்களின் முன்னேற்றம் பதிக்கப்பட்ட வடத்தின் நீளத்தாலும் இணைக்கப்பட்ட ஊராட்சிகளின் எண்ணிக்கையாலும் அளக்கப்படுகிறது. வடம் ஊராட்சி அலுவலகத்தை அடைவதற்கும், அவ்வூரின் ஒரு பெண் அதைக் கொண்டு தன் வருவாயைப் பெருக்குவதற்கும் இடையே பல படிகள் உள்ளன.

2019–21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு இதை உணர்த்துகிறது. 15 முதல் 49 வயது வரையுள்ளோரில், எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்தியதாகக் கூறிய ஆண்கள் 57 விழுக்காட்டினர். பெண்கள் 33 விழுக்காட்டினர் மட்டுமே. தாமே பயன்படுத்தும் கைப்பேசியை உடைய பெண்கள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர். ஒரே கோபுரத்தின் கீழ், ஒரே வீட்டினுள்ளும் அணுகல் சமமாக இல்லை என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. வீட்டை அலகாகக் கொண்ட கணக்கு இவ்வேறுபாட்டைக் காட்டாது.

ஒரு வட்டாரத்தில் டிஜிட்டல் அணுகலின் பொருளாதாரப் பயனை ஆராய்வோர் பின்வரும் நான்கு வினாக்களை வரிசையாக எழுப்பலாம்.

1. எட்டுதல்: தகவல் உரியவரை, அவரது மொழியில், முடிவெடுக்கும் நேரத்தில் எட்டுகிறதா?

2. இயலுதல்: அதன்படி செயல்படப் போக்குவரத்து, சேமிப்பு, மாற்றுச் சந்தை ஆகியவை உள்ளனவா?

3. உரிமை: கடன், குத்தகை, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு உட்படாமல் முடிவெடுக்கும் உரிமை அவருக்கு உண்டா?

4. தங்குதல்: விளைந்த பயன் அவ்வட்டாரத்தில் தங்குகிறதா, வெளியே செல்கிறதா?

வடகேரள மீன்சந்தை நான்கு வினாக்களுக்கும் ஆம் என்று விடை தருகிறது. மகாராஷ்டிரக் குறுஞ்செய்தி முதல் வினாவைக் கடந்து இரண்டாவதில் நின்றுவிட்டதாகக் கொள்ளலாம். படகுத் தொழில் முதல் மூன்றையும் கடந்து, நான்காவதில் ஊருக்கு ஊர் வேறுபட்ட விடையைத் தருகிறது. நடைமுறையில் உள்ள குறியீடுகள் பெரும்பாலும் முதல் வினாவின் ஒரு பகுதியை மட்டுமே அளக்கின்றன. எஞ்சிய மூன்றும் அளக்கப்படாததால், பயன் கிட்டாத இடத்தில் மேலும் வடம் பதிப்பதே தீர்வு எனத் தவறாக முடிவெடுக்கும் வாய்ப்பு உருவாகிறது. அங்குத் தேவைப்படுவது ஒரு குளிர்பதனக் கிடங்காகவோ, கடனிலிருந்து விடுவிக்கும் கூட்டுறவுச் சங்கமாகவோ இருக்கலாம்.

8. முடிவுரை

டிஜிட்டல் தொழில்நுட்ப அணுகல் தகவலைத் தேடும் செலவைக் குறைக்கிறது. அச்செலவு எங்கே பெருந்தடையாக இருந்ததோ அங்கே அதன் பயன் விரைந்து வெளிப்படுகிறது. வடகரையில் கொட்டப்படவிருந்த மீன் அத்தகைய தடையின் அடையாளம். தடை வேறாக இருந்த இடங்களில் அணுகல் மட்டும் வளர்ச்சியைத் தரவில்லை. சந்தைகள் இணையும்போது ஏற்படும் வளர்ச்சி, திறன்மிக்கோரை வளர்த்து ஏனையோரை விலக்குவதாகவும் அமையலாம். ஆகவே வட்டார வளர்ச்சியை மொத்த வருவாயால் மட்டும் மதிப்பிடாமல், அதன் பங்கீட்டையும் சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும்.

இணைப்பைக் கொண்டுசேர்ப்பது பொதுமுதலீட்டின் இன்றியமையாத முதற்படி என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்முதலீட்டின் பயன் சந்தை அமைப்பு, கடன் உறவு, கல்வி, பாலினச் சமன்மை ஆகிய பழைய வினாக்களைச் சார்ந்தே நிற்கிறது. தொழில் இழந்த படகுத் தச்சருக்கு மாற்றுத்தொழில் என்ன என்னும் வினாவும் அவ்வரிசையில் சேர்கிறது. அலைவரிசை எட்டும் எல்லையைக் கோபுரத்தின் உயரம் தீர்மானிக்கலாம். அதன் பயன் எட்டும் எல்லையைக் கரையில் நிலவும் ஏற்பாடுகளே தீர்மானிக்கின்றன.